வாய்வழி உறவுக்குப் பிறகு சிறுநீர்ப் பரிசோதனை மட்டும் போதுமா?

செந்தூல்வாசி எழுதியது:

வணக்கம். இதை வீட்டில் யாரிடமும் கேட்க முடியாது, நண்பர்களிடம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள், அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

சென்ற மாதம் எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணோடு நெருக்கமாக இருந்தேன். முழு உறவு இல்லை, இரண்டு பக்கமும் வாய்வழி மட்டும்தான். ஆணுறை எதுவும் போடவில்லை. போன வாரம் அவரே கூப்பிட்டு, தனக்குப் பரிசோதனையில் கொனோரியா என்ற பால்வினைத் தொற்று வந்திருக்கிறது, நீங்களும் போய்ப் பார்த்துவிடுங்கள் என்றார். கேட்டதும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனேன். சிறுநீர் எடுத்தார்கள், விரலில் குத்தி எச்.ஐ.வி. பார்த்தார்கள், இரண்டும் நெகட்டிவ். தொண்டைக்கும் ஏதாவது பார்க்க வேண்டுமா என்று கேட்டேன், டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, சிவப்பாகக்கூட இல்லை, வலி இல்லை என்றால் ஒன்றும் இல்லை, போய் வேலையைப் பாருங்கள் என்றார். மாமாக் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து பேசும்போது கூட்டாளிகளும் அதையேதான் சொல்கிறார்கள், வாயால் செய்தால் எதுவும் வராது, அதனால்தான் எல்லோரும் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள் என்று.

எனக்கு இப்போது எந்தத் தொந்தரவும் இல்லை. ஆனால் அவர் சொன்னதற்கும் டாக்டர் சொன்னதற்கும் ஒத்துப்போகவில்லையே என்று மனது கேட்க மாட்டேன் என்கிறது. எச்.ஐ.வி. பயமும் இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற_தாதி எழுதியது:

தம்பி, முதலில் அந்தப் பெண்ணைப் பாராட்டியாக வேண்டும். இப்படிக் கூப்பிட்டுச் சொல்கிறவர்கள் ரொம்பக் குறைவு. அவரிடம் கோபப்படாதீர்கள், அவருக்கே எப்போது வந்தது என்று தெரியாமல் இருந்திருக்கலாம்.

உங்கள் கேள்விக்கு நேரான பதில், போதாது. சிறுநீரில் பார்ப்பது சிறுநீர்க் குழாயில் கிருமி இருக்கிறதா என்பதை மட்டும்தான். தொண்டையில் இருக்கிற கிருமி அதில் வராது. அதற்குத் தொண்டையிலிருந்தே மாதிரி எடுக்க வேண்டும். டார்ச் அடித்துப் பார்ப்பதும் உதவாது, ஏனென்றால் தொண்டையில் வரும் கொனோரியா பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது, வலி இருக்காது, சிவப்பு இருக்காது, காய்ச்சல் இருக்காது. சிலருக்கு லேசாகத் தொண்டை கரகரக்கும், அதையும் ஐஸ் தண்ணீர் குடித்ததால் என்று விட்டுவிடுவார்கள். பெண்ணுறுப்பிலிருந்து ஆணின் தொண்டைக்குப் போகும் வாய்ப்பு, ஆணுறுப்பிலிருந்து தொண்டைக்குப் போவதைவிடக் குறைவு என்பது உண்மை, ஆனால் நடக்கிறது. ஒருவேளை கிருமி இருந்தது அவருடைய தொண்டையிலேயே என்றால், உங்களுக்குச் சிறுநீர்க் குழாய் வழியாக வந்திருக்க வேண்டும், அதைத்தான் அந்தச் சிறுநீர்ப் பரிசோதனை பார்த்தது. மிச்சம் இருப்பது உங்கள் தொண்டை.

எப்படி எடுப்பார்கள் என்று பயப்பட வேண்டாம். நீளமான பஞ்சுக் குச்சியால் இரண்டு பக்க டான்சிலையும் பின்சுவரையும் அழுத்தித் தேய்ப்பார்கள். சில நொடிகள் குமட்டும், கண்ணில் தண்ணீர் வரும், அவ்வளவுதான். போவதற்கு முன்னால் வாய் கொப்பளிக்கும் மருந்து எதுவும் போடாதீர்கள். உறவு நடந்து இரண்டு வாரம் தாண்டியிருந்தால் முடிவை நம்பலாம், உங்களுக்குத் தாண்டிவிட்டது. இன்னொன்று, துணைக்கு இருப்பது உறுதியாகியிருந்து, கடைசித் தொடர்பு 60 நாட்களுக்குள் என்றால் முடிவுக்குக் காத்திருக்காமலேயே மருந்து கொடுப்பதும் உண்டு. அதனால் டாக்டரிடம், 'என் துணைக்கு கொனோரியா உறுதியாகியிருக்கிறது, வாய்வழித் தொடர்பு இருந்தது' என்று இந்த இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

மருந்து செஃப்ட்ரியாக்ஸோன் ஊசி, தசையில் ஒரே தடவை. கிளமிடியா என்ற இன்னொரு பால்வினைத் தொற்று இல்லை என்று உறுதியாகாவிட்டால் டாக்ஸிசைக்ளின் மாத்திரையும் ஏழு நாளைக்குச் சேர்ப்பார்கள். தொண்டையில் இருப்பது மற்ற இடத்தில் இருப்பதைவிடப் பிடிவாதமானது, அங்கே மருந்து சரியாக எட்டுவதில்லை. அதனால் ஊசி போட்டு 7 முதல் 14 நாளில் திரும்பவும் தொண்டையில் மாதிரி எடுத்துப் போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். இதைத்தான் நிறைய பேர் தவறவிடுகிறார்கள். யாரோ கொடுத்த பழைய ஆன்டிபயாடிக்கை மட்டும் தயவுசெய்து விழுங்காதீர்கள். நம் எல்லோர் தொண்டையிலும் கொனோரியாவின் உறவுக்காரக் கிருமிகள் தீங்கில்லாமல் வாழ்கின்றன, அரைகுறை மருந்தில் அவை எதிர்ப்புச் சக்தி பெற்று, அதை கொனோரியாவுக்குக் கைமாற்றிவிடுகின்றன. முன்பு வேலை செய்த சிப்ரோஃப்ளாக்ஸசின் இன்றைக்குப் பெரும்பாலும் எடுபடாமல் போய்விட்டது.

எச்.ஐ.வி. பற்றி. எச்சிலில் அது பரவாது. வாய்வழியில் அதன் ஆபத்து மிக மிகக் குறைவு, கிட்டத்தட்ட இல்லை என்றே சொல்லலாம். ஈறில் ரத்தக் கசிவு, வாயில் புண், வாய்க்குள் விந்து இவையெல்லாம் சேர்ந்தால் கொஞ்சம் கூடும். ஆனாலும் ஒருமுறை முடிவாகப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருங்கள். நரம்பில் ரத்தம் எடுத்து லேபில் பார்க்கும் நான்காம் தலைமுறைப் பரிசோதனை 45 நாளில் உறுதியாகச் சொல்லிவிடும். விரல் குத்திப் பார்ப்பதற்கு மூன்று மாதம் வரை காத்திருக்க வேண்டும்.

எனக்கு இருக்கிற வருத்தம் என்னவென்றால், வருகிறவர்கள் எல்லோரும் எச்.ஐ.வி. நெகட்டிவ் என்றதும் எழுந்து போய்விடுவார்கள். வாய்வழியில் வரக் குறைந்த வாய்ப்புள்ளது அதுதான். எளிதில் வருவதை யாரும் கேட்பதே இல்லை. சிஃபிலிஸ் என்ற பால்வினை நோயையும் ரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள். அது புண்ணைத் தொட்டால் ஒட்டும். உதட்டிலோ நாக்கிலோ டான்சிலிலோ ஒரு புண் வரும், வலிக்காது, சில வாரத்தில் தானாக ஆறியும் விடும். வாய்ப்புண் என்று மணத்தக்காளிக் கீரையும் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையும் சாப்பிட்டுவிட்டு, அதனால்தான் ஆறியது என்று நினைத்துக்கொள்வார்கள். சாதாரண வாய்ப்புண் மிளகாய் பட்டால் உயிர் போகிற மாதிரி எரியும், இது எரியாது. பிறகு உள்ளங்கை, உள்ளங்காலில் அரிப்பில்லாத தடிப்பு வரும்போதுதான் தேடி வருவார்கள். தொடர்பு நடந்து 10 நாளிலிருந்து 90 நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் வெளிவரலாம், அதனால் மூன்று மாதம் முடிந்ததும் இன்னொரு தடவை ரத்தம் கொடுங்கள். பென்சிலின் ஊசியில் முழுதாகக் குணமாகிற நோய் அது.

ஜார்ஜ்டவுன்காரி எழுதியது:

தாதி அக்கா சொன்னதோடு கொப்புளம் வரவைக்கும் ஹெர்பீஸ் வைரஸையும் சேர்க்க வேண்டும். யாரும் பேசாததால் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

என் கணவருக்கு உடம்பு முடியாமல் போனால் உதட்டோரத்தில் சின்னச் சின்னக் கொப்புளம் கூட்டமாக வரும். உடம்புச் சூடு என்று இளநீர் குடிப்பார், சில நாளில் காய்ந்துவிடும். சின்ன வயதிலிருந்தே அவருக்கு அப்படித்தான், அவர் அம்மாவுக்கும் வரும். ஒரு சமயம் எனக்கு அந்தரங்க இடத்தில் கொப்புளங்கள் வந்து, சிறுநீர் போனாலே கத்துகிற அளவுக்கு எரிந்தது, கவட்டில் நெறி கட்டி நடக்க முடியவில்லை. முதலில் பார்த்த டாக்டர், உங்கள் கணவர் வெளியே எங்கேயோ போயிருக்கிறார் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அன்று வீட்டில் நடந்ததை எழுத மனமில்லை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பாயான் லெப்பாசில் என் அக்கா வீட்டுக்கே போய்விட்டேன்.

அக்காதான் இன்னொரு டாக்டரிடம் கூட்டிப் போனார். அந்த அம்மா கொப்புளத்தின் நீரை எடுத்து அனுப்பினார், வந்தது ஹெர்பீஸ் ஒன்றாம் வகை, அதாவது உதட்டில் வருகிற அதே வைரஸ். வாய்வழியில் உதட்டிலிருந்து கீழே வந்திருக்கிறது. உலகத்தில் 50 வயதுக்குக் கீழே உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்குக் கிட்ட இந்த வகை இருக்கிறது, முக்கால்வாசிப் பேருக்குச் சின்ன வயதில் முத்தம் கொடுத்தே வந்திருக்கும் என்று நிதானமாகச் சொன்னார். கொப்புளம் வெளியே தெரியாத நாளிலும் வைரஸ் கொஞ்சம் கொஞ்சமாக வெளியாகும், அதனால் என் கணவருக்கே தெரியாமல் இது நடந்திருக்கும் என்றும் விளக்கினார். அவரையும் உட்கார வைத்துப் பேசினார். அந்த ஒரு மணி நேரம்தான் என் குடும்பத்தைக் காப்பாற்றியது.

மாத்திரை அசைக்ளோவிர். வைரஸ் உடம்பை விட்டுப் போகாது, ஆனால் ஒன்றாம் வகை கீழே வந்தால் திரும்பத் திரும்ப வருவது குறைவு, எனக்கும் இப்போது வருவதே அபூர்வம். உதட்டில் ஊறல், சுருக்கென்று குத்தல் தொடங்கினாலே முத்தமும் வேண்டாம், வாய்வழியும் வேண்டாம், காய்ந்து தோல் விழுகிறவரை பொறுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இன்னும் கவனம், கடைசி மாதங்களில் முதல்முறையாக இது தொற்றினால் பிறக்கும்போது குழந்தைக்கு ஆபத்து.

தம்பி, உங்கள் கூட்டாளிகள் 'எதுவும் வராது' என்கிறார்களே, அவர்களுக்கு இதைக் காட்டுங்கள்.

பல்_கிளினிக்_உதவியாளர் எழுதியது:

நான் தினமும் வாயைப் பார்க்கிற வேலையில் இருக்கிறேன், பிரிக்பீல்ட்ஸ் பக்கம். அதனால் இரண்டு விஷயம்.

வாய் கொப்பளிக்கும் மருந்தை நம்பாதீர்கள். அது நாற்றத்துக்கு உதவும், நோய் வராமல் தடுக்காது. உறவுக்கு முன்னாலோ பின்னாலோ பல்லை அழுத்தித் தேய்ப்பது, ஃபிளாஸ் போடுவது இன்னும் மோசம், ஈறில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்து கிருமிக்கு வழி திறந்துவிடும். வாயைக் கொப்பளிக்க வேண்டும் என்றால் வெறும் தண்ணீர் போதும். பல் பிடுங்கியிருந்தால், ஈறு வீங்கியிருந்தால் அந்த நாட்களில் தவிர்த்துவிடுங்கள்.

ஆணுறை வாய்வழிக்கும்தான். எண்ணெய்ப் பசை இல்லாத சுவையூட்டியது ஃபார்மசியில் கிடைக்கிறது, வெட்கப்படாமல் வாங்குங்கள். பெண்ணுக்குச் செய்யும்போது மறைப்பாக வைக்க மெல்லிய ரப்பர் தாள் உண்டு, டெண்டல் டாம் என்று பெயர், ஆனால் அது இங்கே எல்லாக் கடையிலும் தொங்காது. ஒரு புது ஆணுறையை எடுத்து, நுனியையும் அடி வளையத்தையும் கத்தரியால் வெட்டிவிட்டு நீளவாக்கில் ஒரு வெட்டு வெட்டினால் செவ்வகமாக விரிந்துவிடும், அதையே பயன்படுத்தலாம். ஆசனவாய்ப் பக்கம் என்றால் இந்த மறைப்பு கட்டாயம் என்பேன், கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் ஏ, வயிற்றுப்போக்குக் கிருமிகள் எல்லாம் அந்த வழியில் வாய்க்குள் போகும்.

அடுத்து எச்.பி.வி., உறவில் ஒட்டும் ஒரு வைரஸ். இதற்குத்தான் நான் ரொம்பக் கவலைப்படுகிறேன். பெரும்பாலானவர்களுக்கு வந்தாலும் ஒன்றிரண்டு வருடத்தில் உடம்பே விரட்டிவிடும். சிலருக்குத் தங்கிவிட்டால், முக்கியமாக 16ஆம் வகை, பல வருடம் கழித்து டான்சிலிலும் நாக்கின் அடியிலும் புற்றுநோயாக மாறலாம். நம் ஆட்களிடம் வெற்றிலை பாக்கு, புகையிலையால் கன்னத்திலும் நாக்கோரத்திலும் வருகிற புற்று வேறு, இது அதற்கும் பின்னால், கண்ணாடியில் பார்த்தால் தெரியாத இடத்தில். இங்கே மலேசியாவில் 2010லிருந்து 13 வயதுப் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே தடுப்பூசி போடத் தொடங்கினார்கள், ஆனால் தொண்டை ஆண்களுக்கும் இருக்கிறது. பையன்களுக்கும் காசு கொடுத்தாவது போட்டுவிடுங்கள், பெரியவர்களும் டாக்டரிடம் கேட்டுப் போடலாம். கழுத்தில் வலியில்லாத கட்டி, ஒரு பக்கம் மட்டும் தொண்டை அடைப்பு, விழுங்கினால் காது வலி, இதில் ஏதாவது மூன்று வாரம் தாண்டி நின்றால் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள்.

செந்தூல்வாசி எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. படித்துவிட்டு அவரிடமும் பேசினேன், அவருக்கும் தொண்டையில் யாரும் பார்க்கவில்லையாம், இந்தப் பக்கத்தை அனுப்பியிருக்கிறேன். ஒரு கேள்வி மட்டும் பாக்கி. அரசாங்க கிளினிக்குக்குப் போனால் ஐ.சி. (அடையாள அட்டை) கேட்பார்களே, வேலையிடத்துக்கோ வீட்டுக்கோ தகவல் போகுமா? இன்னொன்று, வாய்வழி உறவு என்று வாயைத் திறந்து சொன்னாலே சட்டப் பிரச்சினை ஆகும் என்று ஒருவர் பயமுறுத்துகிறார்.

ஓய்வுபெற்ற_தாதி எழுதியது:

இயற்கைக்கு மாறான உறவு என்று தண்டனைச் சட்டத்தில் இருக்கிற 377ஏ பிரிவைத்தான் சொல்லியிருப்பார், அதில் வாயும் வருகிறது என்பது உண்மைதான். ஆனால் நான் வேலை பார்த்த காலம் முழுக்க சிகிச்சைக்கு வந்து சொன்ன ஒருவரைக்கூட நாங்கள் போலீசிடம் காட்டிக்கொடுத்ததில்லை. எங்கே மாதிரி எடுப்பது, என்ன மருந்து கொடுப்பது என்று முடிவெடுக்கத்தான் டாக்டர் அதைக் கேட்கிறார். மறைத்தால் உங்களுக்கு நடந்த மாதிரி பாதிப் பரிசோதனையோடு அனுப்பிவிடுவார்கள்.

எச்.ஐ.வி.க்கு மட்டும் கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் பெயர் சொல்லாமலே பார்க்கலாம். மற்றதற்கு ஐ.சி. வேண்டும், குடிமக்களுக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்)தான் பதிவுக் கட்டணம். கொனோரியா, சிஃபிலிஸ், எச்.ஐ.வி. மூன்றும் 1988ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டப்படி சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டியவை. அது நோய் பரவாமல் பார்ப்பதற்கு. உங்கள் முதலாளிக்கோ அம்மா அப்பாவுக்கோ சொல்வதற்கு அல்ல.

தொண்டை ஸ்வாப், அதாவது அந்தப் பஞ்சுக் குச்சிப் பரிசோதனை, எல்லாக் கிளினிக்கிலும் செய்வதில்லை, அதனால் கிளம்புவதற்கு முன் போன் செய்து கேளுங்கள். கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியில் தோல் பிரிவோடு சேர்ந்து பால்வினை நோய்க் கிளினிக் இருக்கிறது, பரிந்துரைக் கடிதம் வேண்டுமா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகத் தயக்கமாக இருந்தால் எச்.ஐ.வி., பாலியல் நலம் பற்றி உதவும் பிடி ஃபவுண்டேஷன் என்ற தொண்டு அமைப்பைக் கேட்டுப் பாருங்கள், யாரையும் எடை போடாமல் பேசுவார்கள். முடிவு வரும்வரை யாரோடும் நெருக்கம் வேண்டாம். ஊசி போட்டால் அதற்குப் பிறகும் ஏழு நாள். இருவரும் ஒரே சமயத்தில் மருந்து எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் திரும்பவும் வரும்.

முடிவு வந்ததும் எழுதுங்கள் தம்பி. புரியாத எழுத்து ஏதாவது ரிப்போர்ட்டில் இருந்தால் பெயரையும் ஐ.சி. எண்ணையும் மறைத்துவிட்டு இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.