காது ரிப்போர்ட் நார்மல், ஆனால் கூட்டத்தில் பேச்சு புரியவில்லை. வேறு என்ன டெஸ்ட் எடுக்கலாம்?

சோமனூர்_செல்வி:
வீட்டுக்காரருக்கு 44 வயது, சின்ன வயதிலிருந்தே விசைத்தறி ஓட்டுகிறார். வீட்டில் டிவியை நிறுத்திவிட்டுப் பேசினால் ஒரு தொந்தரவும் இல்லை, அடுத்த ரூமில் போன் அதிர்ந்தால்கூட அவர்தான் முதலில் சொல்வார். ஆனால் பந்தியிலோ பஸ்ஸிலோ நாலு பேர் சேர்ந்து பேசினால் போச்சு. "சத்தம் கேக்குது, என்ன சொல்றாங்கன்னுதான் புரியல" என்கிறார். மளிகைக் கடையில் நூற்றி எழுபது என்றதை நூற்றி இருபது என்று எடுத்துக்கொண்டு பணம் நீட்ட, கடைக்காரர் எல்லார் முன்னாலும் கத்திவிட்டார். ஆடியோகிராம் எடுத்தோம், இரண்டு காதும் 20 டெசிபெலுக்குள். "காது நன்றாக இருக்கிறது, கவனம்தான் இல்லை" என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது விசேஷங்களுக்கே வர மாட்டேன் என்கிறார். யாராவது வழி சொல்லுங்கள்.

பல்லடம்_பாலு:
எனக்கும் அச்சு அசல் இதேதான் அக்கா. நானும் தறிதான். ராத்திரி படுத்ததும் காதில் ஙொய்யென்று கேட்கிறதா என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள்.

செவியியலாளர்_மதுரை:
கவனம் இல்லை என்று சொன்னதை முதலில் மறந்துவிடுங்கள். ஆடியோகிராம் என்பது அமைதியான அறையில் 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை எவ்வளவு மெல்லிய பீப் காதில் விழுகிறது என்று பார்ப்பது, அவ்வளவுதான். இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் பிரித்தெடுக்க முடிகிறதா என்று அது பார்ப்பதே இல்லை.

2009இல் பாஸ்டனில் ஷாரன் குஜாவா, சார்லஸ் லிபர்மன் இருவரும் எலிகளை 2 மணி நேரம் 100 டெசிபெல் இரைச்சலில் வைத்தார்கள். சில வாரங்களில் கேட்கும் திறன் பழைய அளவுக்கு வந்துவிட்டது, உள்காதின் ரோம செல்களும் அப்படியே இருந்தன. ஆனால் உயர்ந்த சுருதியைக் கேட்கும் பகுதியில், அந்தச் செல்கள் செவி நரம்போடு சேரும் இணைப்புகளில் ஏறக்குறைய பாதி போய்விட்டது. உங்கள் தொழிலிலேயே சொல்கிறேன், பாவில் அங்கங்கே இழை அறுந்தாலும் தூரத்திலிருந்து பார்த்தால் துணி முழுசாகத்தான் தெரியும். அமைதியில் ஒரு பீப்பைப் பிடிக்க மிச்சமிருக்கும் நரம்பிழைகளே போதும். முதலில் அடிபடுவது பலத்த சத்தத்தில் வேலை செய்யும் இழைகளாக இருக்கலாம், இரைச்சலில் பேச்சைப் பிரிக்க அவை உதவுகின்றன என்று கருதுகிறார்கள். 2011இல் ஷேட், மெக்ஆல்பைன் என்ற இரண்டு பேர் இதற்கு மறைந்த செவித்திறன் இழப்பு என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் பார்த்தது பாலு சொல்கிற காது இரைச்சல் உள்ளவர்களை, எல்லாருக்கும் ஆடியோகிராம் நார்மல்.

உயிரோடு இருப்பவரின் காதுக்குள் இந்த இணைப்புகளை எண்ணிப் பார்க்க வழியில்லை, அதனால் உங்கள் கணவருக்கு இதுதான் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் சிரமம் உண்மையா என்பதை அளக்கலாம். பின்னணி இரைச்சலோடு வாக்கியங்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்லும் டெஸ்ட் இருக்கிறது, தமிழ் வாக்கியங்களில் செய்கிற இடமாகப் பாருங்கள். கூடவே ஓஏஇ (உள்காதின் ரோம செல்கள் வேலை செய்கின்றனவா என்று பார்ப்பது), பெரா (சத்தம் செவி நரம்பு வழியாக மூளைக்குச் சரியாகப் போகிறதா என்று பார்ப்பது), 8000 ஹெர்ட்ஸுக்கு மேல் பார்க்கும் ஆடியோமெட்ரி. ஓஏஇ நன்றாக இருந்து பெரா மோசமாக வந்தால் அது செவி நரம்புக் கோளாறாக இருக்கலாம், அதை விடவே கூடாது. ஒரு காதில் மட்டும் தொந்தரவு என்றால் தள்ளிப்போடாமல் காது டாக்டரைப் பாருங்கள்.

சோமனூர்_செல்வி:
ரொம்ப நன்றிங்க. ஒரு காது இரண்டு காது என்று அவர் பிரித்துச் சொன்னதில்லை, கேட்கிறேன். இதற்கு மருந்து இருக்கிறதா? காது மெஷின் வாங்கலாமா?

செவியியலாளர்_மதுரை:
போன இணைப்பைத் திரும்பக் கொண்டுவர மருந்து இன்னும் இல்லை. டெஸ்ட் முடியாமல் மெஷின் வாங்காதீர்கள், சாதாரண மெஷின் இரைச்சலையும் சேர்த்தே பெரிதாக்கும். பேசுபவர் சட்டையில் குத்திக்கொள்ளும் சின்ன மைக் சிலருக்கு நன்றாக உதவுகிறது.

அவசரமான வேலை மிச்சத்தைக் காப்பாற்றுவது. ஒரு நாளைக்கு 85 டெசிபெல் சத்தத்தில் 8 மணி நேரம் வரைதான் இருக்கலாம் என்பது கணக்கு, ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும், அப்படியென்றால் 94 டெசிபெலில் ஒரு மணி நேரம். தறி ஷெட்டுகளில் அதற்கு மேலேயே சர்வசாதாரணமாக இருக்கும். பஞ்சு வைத்தால் போதாது. ஃபோம் இயர்பிளக்கை விரலில் மெல்லியதாக உருட்டி, மறுகையால் காதை மேல்பக்கமாக இழுத்து உள்ளே விட்டு, அது உப்பும்வரை விரலால் பிடித்திருக்க வேண்டும். பாலு, இது உங்களுக்கும்தான்.

பல்லடம்_பாலு:
சரிங்க. எங்கள் ஷெட்டில் யாரும் போடுவதில்லை, பாவு அறுந்தால் சத்தம் தெரியாது என்று பயம்.

செவியியலாளர்_மதுரை:
பிளக் சத்தத்தைக் குறைக்கும், அடைத்துவிடாது. சில நாள் போட்டுப் பழகினால் தறியின் சத்தம் மாறுவது தெரியும்.