புகையான் விழுந்த அஞ்சு மா

தெற்குத் தெரு குடும்பம்

மாரி சித்தப்பா: [படம்] மேலண்டை அஞ்சு மா வயல்ல பாருங்க. நடுவுல வட்டமா தீ வெச்ச மாதிரி கருகிக் கெடக்கு. கதிர் பால் கட்டுற நேரம். கடையில ரெண்டு மருந்தைக் கலந்து நாளைக்கே அடிக்கச் சொல்றாங்க. 2,400 ரூபா, அடிகூலி தனி.

கவிதா: புகையான் சித்தப்பா, தண்டுச் சாறை உறிஞ்சுற பூச்சி. வட்டத்தோட ஓரத்துல பச்சையா நிக்கிற குத்தைத் தட்டி அடியில பாருங்க. ஒரு தூருக்கு, அதாவது குத்துல ஒரு தண்டுக்கு, எத்தனை பூச்சி? சிலந்தி இருக்கா?

மாரி சித்தப்பா: பூச்சி அஞ்சாறு. சிலந்தி ஒண்ணுகூட இல்லம்மா.

கவிதா: சிலந்தி இல்லேன்னா தூருக்கு ஒரு பூச்சியே அளவு, அதைத் தாண்டினா மருந்து அடிக்கணும். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தா ரெண்டு பூச்சி வரைக்கும் விட்டுடலாம்.

செல்வி அத்தை: நட்ட இருபதாம் நாளே இலைச்சுருட்டுப் புழுவுக்குன்னு மருந்து அடிச்சோமே?

கவிதா: அதான் அத்தை. அப்ப அடிச்ச பைரித்ராய்டு வகை பூச்சிமருந்து சிலந்தியைக் கொன்னுடும். புகையான் முட்டை இலையுறைக்குள்ள தப்பிச்சிடும். பொரிச்சு வந்தா பிடிச்சுத் திங்க ஆளில்ல. இந்தோனேசியாவுல இப்படித்தான் வயல் வயலா போச்சு. 1986ல நெல்லுக்கு 57 மருந்தைத் தடை பண்ணாங்க, மருந்து மானியத்தையும் படிப்படியா எடுத்தாங்க. நெல்லு குறையல.

பெரியப்பா: 1960கள்ல தஞ்சாவூர் ஜில்லாவுக்குப் வெதை, உரம், மருந்து, கடன்னு சேத்துக் குடுத்த பேக்கேஜ் திட்டம் வந்துச்சு, பின்னாடியே ஏடிடி 27 நெல் ரகம். வயிறு நெறஞ்சது நெசம், அதை மறுக்க மாட்டேன். ஆனா அப்ப வடிமடையில பறி வெச்சா விடியறதுக்குள்ள கெண்டையும் குரவையும் கெடைக்கும். இப்ப தவளைச் சத்தமே கேக்கல. நெஞ்சு வலிக்குது.

மாரி சித்தப்பா: யூரியாவைக் குறைச்சா மகசூல் போயிடுமேன்னு பயம் அண்ணே. ஏக்கருக்கு மூணு மூட்டை போட்டேன். மூட்டை 266 ரூபா 50 காசுதான். பொட்டாஷ் வெலை கட்டுப்படியாகல, விட்டுட்டேன்.

கவிதா: யூரியாவுல வர்ற தழைச்சத்து மீறினா பயிர் கொழகொழன்னு வளரும், புகையானுக்கு அதுதான் விருந்து. யூரியாவோட மீதி வெலையை அரசாங்கம் கட்டுது, அது கொண்டு வர்ற பூச்சிக்கு நாம கட்டுறோம். இப்ப தண்ணியை வடிச்சிடுங்க, மூணு நாலு நாள் காயட்டும். மருந்து ஒண்ணு போதும், கலக்காதீங்க. வட்டத்தைச் சுத்தி மட்டும் பயிரோட அடியில படற மாதிரி அடிங்க. அடுத்த சம்பாவுக்கு எட்டடிக்கு ஒரு அடி காலி இடமா பட்டம் விட்டு நடுவோம்.

செல்வி அத்தை: முழுக்கைச் சட்டை போட்டுக்க தம்பி. காத்துக்கு எதிரா நிக்காத. போன தடவை அடிச்சிட்டு வந்து ராத்திரி பூரா வாந்தி எடுத்தியே.

மாரி சித்தப்பா: சரிக்கா. மடையைத் தெறந்துட்டேன், தண்ணி வடியுது.