சிப்ரோஃப்ளொக்சசின் நம் கலங்களை ஏன் விட்டுவிடுகிறது?

ஹட்டன் மாணவி:
ஏ.எல். உயிரியல் படிக்கிறேன். சிறுநீர்த் தொற்றுக்கு அம்மாவுக்கு சிப்ரோஃப்ளொக்சசின் கொடுத்திருக்கிறார்கள். அது டிஎன்ஏயின் முறுக்கைக் கையாளும் நொதியத்தைத் தாக்குமாம். அப்படியொரு நொதியம் நமக்கும் இருக்கிறதே, அம்மாவின் கலங்கள் எப்படித் தப்புகின்றன?

பண்டாரவளை மருந்தாளர்:
நல்ல கேள்வி தங்கச்சி. பற்றீரியாவில் இலக்கு இரண்டு: டிஎன்ஏ கைரேஸ், டோபோஐசோமரேஸ் 4. இவை டிஎன்ஏயின் இரு இழைகளையும் வெட்டி, இன்னொரு துண்டை அதனூடாகக் கடத்தி, திரும்ப ஒட்டும். வெட்டிய இடத்தில் மருந்து புகுந்து ஒட்டவிடாமல் செய்கிறது. அங்கே அதைப் பிடித்து வைப்பது ஒரு மக்னீசியம் அயன். அதைச் சுற்றிய நீர் மூலக்கூறுகள் நொதியத்தின் செரின் என்ற அமினோ அமிலத்தோடும் பக்கத்திலுள்ள அமிலத்தன்மையான இன்னொரு அமினோ அமிலத்தோடும் பிணைகின்றன. நம்மிடமுள்ள இதே வகை நொதியமான மனித டோபோஐசோமரேஸ் 2இல் அந்தப் பிடிமானம் இல்லை. எனவே அதைத் தடுக்க மிக அதிகச் செறிவு வேண்டும். பற்றீரியாவிலும் அந்தச் செரின் மாறினால் எதிர்ப்பு வந்துவிடும்.

தலவாக்கலை வாசகர்:
நம் நொதியத்தைத் தாக்கும் மருந்தும் உண்டா?

பண்டாரவளை மருந்தாளர்:
உண்டு, எடோபோசைட். புற்றுநோய்க்குக் கொடுப்பது. அப்புறம் தங்கச்சி, அம்மா மாத்திரையைப் பால் தேநீரோடு விழுங்க வேண்டாம், தண்ணீர் போதும். பாலின் கல்சியம் மருந்தைப் பிடித்துக்கொள்ளும், குடல் அதைச் சரியாக உறிஞ்சாது. இந்த மருந்து தசைநாணைப் பாதிக்கலாம். மலையில் கொழுந்து பறிப்பவர் என்றால் இன்னும் கவனம் தேவை; குதிக்கால் தசைநாண் வலித்ததும் மாத்திரையை நிறுத்தி டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள்.