சுவரில் படம் வரைந்தால் குப்பை நின்றுவிடுமா?

கரிக்கோல்:
நான் டிசைனர். எங்கள் குடியிருப்பு முனையில் ஒரு சுவர், அதன் அடியில் எப்போதும் குப்பை. “நீங்கதான் வரைவீங்களே, நல்லதா ஒரு படம் போட்டுட்டா யாரும் கொட்ட மாட்டாங்க” என்கிறது சங்கம். மயில் வேண்டுமாம். கொட்டுகிறவர்களிடம் இதுவரை யாரும் வாய் திறந்து பேசவில்லை. சமூகக் கலை என்பது இதுதானா?

ஓரச்சுவர்:
இது சுவருக்குப் போடும் ஒப்பனை. குப்பை நாலடி தள்ளிப் போகும், அவ்வளவுதான்.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகர ஓவியர் ரிக் லோவிடம் ஒரு பள்ளி மாணவர், எங்கள் பிரச்சினை எங்களுக்கே தெரியும், அதையே ஏன் வரைந்து காட்டுகிறீர்கள், தீர்வு ஏதாவது செய்யலாமே என்கிற மாதிரி கேட்டாராம். 1993இல் லோவும் சக கலைஞர்களும் பாழடைந்து கிடந்த 22 சிறு வீடுகளைக் கையில் எடுத்துப் புதுப்பித்தார்கள். சிலவற்றில் கலைக்காட்சி; சிலவற்றில் தனியாகப் பிள்ளை வளர்க்கும் இளம் தாய்மார்கள் தங்கிப் படித்தார்கள். பெயர் ‘ப்ராஜெக்ட் ரோ ஹவுசஸ்’. தூரிகையைவிட வாடகைக் கணக்கும் கூரை ரிப்பேரும்தான் அங்கே அதிகம் என்பேன்.

பின்கட்டு:
குப்பை என்றதும் எனக்கு அமெரிக்கக் கலைஞர் மியர்ல் லேடர்மன் யூகலிஸ்தான் நினைவுக்கு வருகிறார். 1979-80இல் நியூயார்க் நகரின் 8,500 தூய்மைப் பணியாளர்களையும் தேடிப் போய் ஒவ்வொருவரிடமும் கைகுலுக்கி, நகரத்தை உயிரோடு வைத்திருப்பதற்கு நன்றி சொன்னார். அதுதான் படைப்பே. உங்கள் பக்கம் குப்பை அள்ளுகிறவர்களிடம் கேட்டீர்களா? வண்டி எத்தனை மணிக்கு வருகிறது?

மூன்றாம்மாடி:
அதற்காகப் பார்வைக்கு எதுவுமே வேண்டாம் என்று ஒதுக்காதீர்கள். ஜெர்மனியின் காசெல் நகரில் கலைஞர் யோசப் பாய்ஸ் 1982இல் 7,000 கருங்கல் தூண்களை அருங்காட்சியகத்தின் முன்னால் குவித்தார். ஒரு மரம் நட்டால் ஒரு கல்லை எடுத்துப்போய் அதன் பக்கத்தில் ஊன்ற வேண்டும். குவியல் அங்கே கிடக்கிற வரை, வேலை பாக்கி என்பது போகிற வருகிறவர்களுக்கெல்லாம் தெரியும். முடிய ஐந்து வருடம் ஆனது. அதற்குள் பாய்ஸே இறந்துவிட்டார். டிசைன் என்றால் எனக்கு அந்தக் குவியல்தான்.

கரிக்கோல்:
விசாரித்தேன். வண்டி ஒன்பது மணிக்கு மேல்தான் வருகிறதாம். எட்டுக்கே வேலைக்குக் கிளம்புகிறவர்கள் பையை அங்கே வைத்துவிட்டுப் போகிறார்கள். முதலில் வண்டி நேரத்தை மாற்றக் கேட்கலாம், வரைவதை அப்புறம் பார்க்கலாம் என்று சங்கத் தலைவரிடம் சொன்னேன். “அப்போ மயில்?” என்கிறார்.