விமானப்படையின் வியூக இலக்குகளை எப்படி வரையறுப்பது?

கேள்வி (எலகங்கா, பெங்களூரு):
எங்கள் படிப்பு வட்டத்துக்காக விமானப்படையின் வியூக இலக்குகளை எழுதினேன். "42 ஸ்குவாட்ரன் (போர் விமானப் பிரிவு), கூடுதல் டேங்கர் (வானிலேயே எரிபொருள் நிரப்பும் விமானம்), புது ரேடார்" என்று போனதும், "இது கொள்முதல் பட்டியல்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எங்கே பிசகு?

அல்சூர் வாசி:
42 என்பது அனுமதிக்கப்பட்ட பலம். 2025 செப்டம்பரில் மிக்-21 ஓய்வு பெற்றபின் எஞ்சியது 29. இரண்டுமே கருவிக் கணக்குதான். இலக்கு என்றால் எதிரி எதைச் செய்ய முடியாமல் போக வேண்டும், எங்கே, எத்தனை நாளுக்கு என்று சொல்ல வேண்டும். "வான் ஆதிக்கம் பெறுவோம்" என்று எழுதினால் யாரும் அளக்க முடியாது. "இந்த மூன்று தளங்களிலிருந்து 72 மணி நேரம் போர் விமானம் எழக்கூடாது" என்றால் அளக்கலாம்.

மேலிருந்து கீழே இறங்குங்கள்: அரசு விரும்பும் முடிவு, அதற்கான படையின் இலக்கு, அப்புறம்தான் தாக்கும் இடம். அரசு போடும் வரம்பையும் இலக்கிலேயே எழுதுங்கள். 1999 கார்கிலில் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டக்கூடாது என்பது உத்தரவு. மே 28-ல் எம்ஐ-17 ஹெலிகாப்டர் ஒன்று ஏவுகணைக்கு இரையானதும், தாக்கும் முறையையே மாற்ற வேண்டியதாயிற்று. ஜூனில் மிராஜ் போர் விமானங்கள் முந்தோ தாலோ என்ற இடத்தில் இருந்த எதிரியின் சப்ளை முகாமை அடித்தன. சிகரத்து பங்கர்களை ஒவ்வொன்றாகத் தேடுவதைவிட, அவற்றுக்குச் சோறும் குண்டும் போகும் இடத்தை அடிப்பது பலன் தந்தது. இலக்கு "முகாமை அழிப்பது" அல்ல, "மேலே இருப்பவன் தாக்குப்பிடிக்காமல் செய்வது".

ராஜாஜிநகர் வாசி:
அந்த 72 மணி நேரத்தைச் சார்ட்டி (ஒரு விமானம் ஒருமுறை பறந்து போய் வருவது) கணக்கில் போட்டுப் பார்க்காமல் விடாதீர்கள். எடுத்துக்காட்டுக்கு, ஒரு ஸ்குவாட்ரனின் 18 விமானத்தில் 60 சதவீதம் பறக்கும் நிலை என்றால் 11. விமானத்துக்கு இரண்டு சார்ட்டி, நாளைக்கு 22. ஒரு ரன்வேக்குத் தாக்க நான்கு, காவலுக்கு நான்கு என்றால் மூன்று தளங்களுக்கு 24. முதல் சுற்றுக்கே போதாது! ரன்வே குழியைச் சில மணி நேரத்தில் நிரப்பிவிடுவார்கள், ஆகவே மாலையில் மறுபடி போக வேண்டும்: நாளைக்கு 48. அதற்கு மூன்று ஸ்குவாட்ரன் ஒதுக்குங்கள், இல்லையேல் ஒரே தளமாகக் குறையுங்கள்.

வரிசையும் முக்கியம். சொந்த டேங்கர் ஐஎல்-78 ஆறுதான். இரண்டு இலக்குகள் ஒரே நேரத்தில் அதையே கேட்டால் எது காத்திருக்கும் என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள்.