கூட வேலை செய்பவரின் தங்கையைக் காணவில்லை, போலீஸ் ரிப்போர்ட் எடுக்க மறுக்கிறார்கள்

செம்பனைக்காரன்:
மலேசியா, பேராக்கில் ஒரு செம்பனைத் தோட்டத்து ஊர். என்னோடு குலை வெட்டும் செமாய் பையனின் (ஓராங் அஸ்லி, இங்குள்ள பூர்வகுடி) தங்கையை ஐந்து நாளாகக் காணவில்லை. 19 வயது, டவுனுக்குச் சாமான் வாங்கப் போன பெண். அண்ணன் பாலாய்க்கு (போலீஸ் ஸ்டேஷன்) போனால், காதலனோடு போயிருப்பாள், காட்டுக்குள் சொந்தக்காரர் வீட்டில் இருப்பாள், ரெண்டு நாள் பொறு என்று அனுப்பிவிட்டார்களாம். அவனுக்கு மலாய் சரளமாக வரும், ஆனால் கவுண்டரில் வாயே திறக்காமல் திரும்பி வந்துவிட்டான். நான் கூடப் போனால் ஏதாவது நடக்குமா?

கமலா அக்கா:
போங்க தம்பி, இன்றைக்கே போங்க. 24 மணி நேரம் காத்திருக்கணும் என்று எந்தச் சட்டமும் இல்லை, அதைச் சொல்லித்தான் பாதி குடும்பங்களைத் திருப்பி அனுப்புகிறார்கள். அந்த பாலாய் வேண்டாமென்றால் வேறு பாலாயிலும் ரிப்போர்ட் செய்யலாம். கையில் நகல் வாங்காமல் வெளியே வராதீங்க, விசாரணை அதிகாரியின் பெயரும் போன் நம்பரும் கேளுங்க. பெயர் அவள் ஐ.சி.யில் (அடையாள அட்டை) இருக்கிற எழுத்திலேயே இருக்கணும். கிளார்க் தன் இஷ்டத்துக்கு எழுதிவிட்டால் அப்புறம் தேடும்போது அந்தப் பெண்ணே இல்லாத மாதிரி ஆகிவிடும். அவள் போன் கடைசியாக எங்கே ஓடியது என்பதையும் போலீஸ்தான் கேட்டு வாங்க முடியும், அதற்கும் ரிப்போர்ட் வேண்டும். அங்கேயும் மறுத்தால் மனித உரிமை ஆணையமான சுஹாகாமுக்கு எழுதுங்க. அவங்க ஊர்த் தலைவர் தோக் பாத்தினையும் கூட்டிக்கொண்டு போங்க.

ரவி 77:
தப்பா நினைக்காதீங்க, அவங்க அடிக்கடி காட்டுக்குப் போய் வாரக்கணக்கில் இருந்துவிட்டு வருவாங்க. தானாகவே வந்துடும்.

பழைய லயம்:
ரவி, இதே பேச்சுதான் கிளந்தானில் ஓராங் அஸ்லி ஊரான போஸ் தோஹோயிலும். 2015 ஆகஸ்டில் குவா மூசாங் பக்கம் பள்ளி ஹாஸ்டலிலிருந்து ஏழு பிள்ளைகள் காட்டுக்குள் ஓடினார்கள், ஆற்றில் குளித்ததற்குத் தண்டனை கிடைக்கும் என்ற பயம். 40 நாளுக்கு மேல் ஆனது, உயிரோடு கிடைத்தது இரண்டே பெண் பிள்ளைகள். 'காட்டுப் பிள்ளைகள், காடு பார்த்துக்கொள்ளும்' என்று எத்தனை பேர் சொன்னார்கள் தெரியுமா? அதற்கப்புறம் குடும்பங்கள் கோர்ட்டுக்கு அலைய வேண்டியதாயிற்று. ஆனால் 2019-ல் சிரம்பானில் ஒரு வெளிநாட்டுப் பிள்ளை காணாமல் போனபோது, தேட ஓராங் அஸ்லிகளைத்தான் கூப்பிட்டார்கள். நம் தோட்ட லயத்துப் பெரிசுகள் இன்னும் அவர்களை 'சக்காய்' என்றுதான் கூப்பிடுகிறார்கள், அது எவ்வளவு கேவலமான சொல் என்றுகூடத் தெரியாமல்.

வின்னிபெக் மாமா:
நான் கனடாவில் இருக்கிறேன். இங்கே கொல்லப்பட்ட இரண்டு பூர்வகுடிப் பெண்கள் குப்பைமேட்டில் கிடக்கிறார்கள் என்று தெரிந்தும், தேடுவது சாத்தியமில்லை என்று 2022-ல் போலீஸ் கையை விரித்தது. பிள்ளைகளும் சொந்தங்களும் வருஷக்கணக்கில் கூடாரம் போட்டு, சாலையை மறித்து, ஆட்சி மாறும்வரை விடவில்லை. 2024 டிசம்பரில் தோண்ட ஆரம்பித்தார்கள், 2025-ல் இருவருமே கிடைத்தார்கள். காணாமல் போன, கொல்லப்பட்ட பூர்வகுடிப் பெண்கள் பற்றிய 2019 தேசிய விசாரணை அறிக்கையில் 231 கோரிக்கைகள் இருந்தும் இந்த நிலை. அந்தப் பையனைத் தனியாக மட்டும் அனுப்பாதீங்க தம்பி.

செம்பனைக்காரன்:
போனோம். நான், அண்ணன், தோக் பாத்தின், எங்க மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்) நாலு பேரும். முக்கால் மணி நேரம் உட்கார வைத்தார்கள், ஆனால் ரிப்போர்ட் எடுத்துவிட்டார்கள், நகல் கையில் இருக்கிறது. கடைசியாகப் பார்த்த நாளை வியாழன் என்று எழுதியிருந்தார்கள், புதன் என்று அண்ணன்தான் வாயைத் திறந்து திருத்தினான். நாளைக்குப் பஸ் ஸ்டேண்ட் பக்கத்து மளிகைக்கடையில் கேமராப் பதிவு கேட்கப் போகிறோம், ஒரு வாரத்தில் அது அழிந்துவிடுமாம்.