பட்டாணிக்கு இன்று எத்தனை?

குழு: நம்ம வீடு, கும்பகோணம்

வியாழன்

பெரியப்பா: (படம்: தாமரைப் பூ, இனிய காலை வணக்கம்)

அம்மா: நம் பூனை பட்டாணிக்குச் சர்க்கரை மீட்டர் 138 காட்டுகிறது. சாப்பிட்டு முடித்துவிட்டான். வழக்கமான அரை யூனிட் இன்சுலினைப் போட்டுவிடவா? கீதா போனை எடுக்கவில்லை.

கார்த்தி: அக்காவுக்குச் சென்னையில் நேற்று ராத்திரி வெகுநேரம் வேலை. தூங்கிக்கொண்டிருப்பாள்.

சித்தப்பா: அரை யூனிட்டுக்கா இவ்வளவு யோசனை அண்ணி? நான் காலையில் 22, ராத்திரி 16 போட்டுக்கொள்கிறேன். அரை யூனிட் எனக்கு ஊசி முனையிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும்.

செல்வி அக்கா: சித்தி, போடாதீங்க. ஃபிரிட்ஜ் கதவில் டாக்டர் எழுதிக்கொடுத்த தாள் இருக்கிறதே, அதில் 150-க்குக் கீழே என்றால் ஊசி கிடையாது, போன் செய்யணும் என்றுதானே இருக்கிறது?

அம்மா: இருக்கிறது. ஆனால் ஆரம்பத்தில் ஒரு வேளை விட்டதற்கே 400-க்கு மேல் ஏறியதே. அதுதான் பயம்.

செல்வி அக்கா: அது மாசி மாதம் சித்தி. கிணற்றடியில் அவன் மூத்திரம் போன இடத்தில் எறும்பு மொய்த்தது, குண்டாவில் வைத்த தண்ணீரை எல்லாம் குடித்தான், பின்னங்கால் குதிகால் தரையில் பட நடந்தான். அப்போது 2 யூனிட் தேவைப்பட்டது. பிறகு 1, இப்போது அரை. தேவை குறைந்துகொண்டே வருகிற பூனைக்குப் பழைய அளவையே போட்டுக்கொண்டிருந்தால் சர்க்கரை தாழ்ந்து வலிப்பு வரும். கொஞ்சம் ஏறி இருந்தால் ஒரு வேளை தாங்குவான். தாழ்ந்தால் சில மணி நேரத்தில் ஆளையே கொண்டுபோய்விடும்.

கார்த்தி: அக்கா, எப்படித் தானாகக் குறைகிறது? சித்தப்பாவுக்கு வருடா வருடம் ஏறிக்கொண்டுதானே போகிறது?

செல்வி அக்கா: பூனைக்கு வருவது பெரும்பாலும் மனிதர்களின் இரண்டாம் வகைச் சர்க்கரை போன்றது. கணையத்தில் இன்சுலின் சுரக்கிற செல்கள் எல்லாம் செத்துப்போகவில்லை. ரத்தத்தில் சர்க்கரை எப்போதும் அதிகமாக இருந்தால் அந்தச் சர்க்கரையே அவற்றை முடக்கிவிடும். வெளியிலிருந்து இன்சுலின் கொடுத்து, சோற்றை நிறுத்தி, உடம்பையும் இளைக்க வைத்தால் அவற்றுக்கு ஓய்வு கிடைக்கிறது. பல பூனைகளுக்கு மறுபடி சுரக்க ஆரம்பித்துவிடும். நோய் கண்டு ஆறு மாதத்துக்குள் நன்றாகக் கட்டுப்படுத்தினால் வாய்ப்பு அதிகம். எல்லாப் பூனைக்கும் நடக்காது.

சித்தப்பா: இப்போது புரிகிறது. ஆற்றில் தண்ணீர் வந்த பிறகும் பம்புசெட்டை நிறுத்தாமல் ஓட்டினால் நாற்றங்கால் அழுகும். அவ்வளவுதானே?

செல்வி அக்கா: அதேதான் சித்தப்பா 👏 தண்ணீர் எவ்வளவு வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் மோட்டார் போடணும்.

பெரியப்பா: கல்லணை திறந்தாச்சு. அரசலாற்றில் இன்னும் வரவில்லை.

அம்மா: டாக்டரிடம் பேசிவிட்டேன். காலை ஊசி வேண்டாம், மதியம் ஒரு தடவையும் சாயங்காலம் ஒரு தடவையும் பார்த்துச் சொல்லச் சொன்னார்.

கீதா: இப்போதுதான் எழுந்தேன். செல்வி அக்கா, கோடி நன்றி 🙏 அம்மா, நீ போடாமல் கேட்டாயே, அதுவே பெரிது.

ஜெயா அத்தை: எனக்கு ஒன்று தோன்றுகிறது. 138 தான் இருக்கிறது என்றால் ஒரு பிடி தயிர்சாதம் வைத்து ஏற்றிவிட்டு ஊசியைப் போட்டால் என்ன? கணக்கு சரியாகிவிடுமே. பாவம், மாயவரத்தில் நம் வீட்டுப் பூனைகள் எல்லாம் தயிர்சாதம் தின்றுதான் வளர்ந்தன.

செல்வி அக்கா: வேண்டவே வேண்டாம் அத்தை. ஏற்றுவதற்குச் சோறு, இறக்குவதற்கு ஊசி என்று போனால் கணையம் மறுபடி பழைய நிலைக்குப் போய்விடும். பூனை முழு மாமிச பட்சிணி. சோற்றைச் சமாளிக்கிற நொதி அதன் ஈரலில் ரொம்பக் குறைவு. கடையில் விற்கிற உலர் தீனியிலும் மாவுச்சத்து நிறைய. அதனால்தான் ஈரத் தீனிக்கு மாற்றினோம்.

ஜெயா அத்தை: அப்படியா. எங்கள் பூனைகளுக்கு யார் மூத்திரம் பார்த்தார்கள்.

அம்மா: அண்ணாச்சி கடையில் கெளுத்தி வாங்கி வேகவைத்துக் கொடுக்கிறேன், முள் எடுத்துவிட்டு. அது பரவாயில்லையா?

செல்வி அக்கா: கொஞ்சமாகக் கொடுக்கலாம், உப்பு மசாலா இல்லாமல். ஆனால் மீன் மட்டும், கோழி மட்டும் என்று வைத்தால் சுண்ணாம்புச் சத்து கிடைக்காது. டாக்டர் சொன்ன டின் தீனிதான் பிரதானம். இன்னொன்று, தீனியை மாற்றினால் அவரிடம் சொல்லிவிடுங்கள். மாவுச்சத்து குறைந்தாலே இன்சுலின் தேவை சட்டென்று இறங்கும்.

அம்மா: மதியம் 164. படுத்துத் தூங்குகிறான்.

கார்த்தி: சர்க்கரை பார்க்க அம்மா அவன் காதை எப்படிக் குத்துகிறாள் என்று வீடியோ எடுத்தேன். அனுப்பவா? முதலில் வெந்நீரில் நனைத்த துணியை மடித்துக் காதில் ஒற்றி எடுக்கிறாள். என் போன் டார்ச்சைக் காதுக்குப் பின்னால் பிடித்தால் ஓரத்தில் ஓடுகிற நரம்பு நீலக் கோடாகத் தெரிகிறது. அதற்குச் சற்று வெளியே ஒரே குத்து. கடுகு அளவு ரத்தம் வருகிறது, மீட்டர் பட்டை உறிஞ்சிக்கொள்கிறது. பஞ்சை வைத்து அமுக்கிக்கொண்டே மறு கையால் கோழித்துண்டைக் காட்டுகிறாள். அவன் காதையே மறந்துவிடுகிறான்.

ஜெயா அத்தை: பேசாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஒருநாள் முழுக்க வைத்துப் பார்த்தால் சரியாகத் தெரியுமே.

செல்வி அக்கா: அங்கே கூடைக்குள் உட்கார்ந்து பக்கத்தில் நாய் குரைப்பதைக் கேட்டாலே பூனைக்குச் சர்க்கரை ஏறிவிடும். நல்ல பூனைக்கே 300 வரும். அந்த எண்ணைப் பார்த்து மருந்தைக் கூட்டினால் வீட்டுக்கு வந்து தாழ்ந்துபோகும். சித்தி வீட்டில் எடுக்கிற எண்தான் நம்பகமானது. மனிதர் மீட்டர் பூனைக்குக் கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும். அது டாக்டருக்குத் தெரியும், அதை வைத்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறார். நடுவில் மீட்டரை மாற்றாமல் இருந்தால் போதும்.

அம்மா: சாயங்காலம் 196. டாக்டர் அரை யூனிட் போடச் சொன்னார். சிரிஞ்ச் தீர்ந்துவிட்டது. தம்பி, உன் ஸ்கூட்டரில் வருகிறாய்தானே, உன்னிடம் இருப்பதைக் கொண்டுவந்துவிடு.

சித்தப்பா: வந்துகொண்டே இருக்கிறேன் அண்ணி. ஒரு பாக்கெட் இருக்கிறது.

செல்வி அக்கா: நில்லுங்க! மூடி என்ன நிறம் சித்தப்பா?

சித்தப்பா: சிவப்பு. ஏன்?

செல்வி அக்கா: அது 40 யூனிட் மருந்துக்கான சிரிஞ்ச். உங்கள் குப்பியில் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பட்டாணியுடையது கிளார்ஜின் என்கிற இன்சுலின், ஒரு மில்லிக்கு 100. சிவப்பு மூடி சிரிஞ்சில் 1 யூனிட் கோடு வரை இழுத்தால் அவனுக்கு இரண்டரை யூனிட் போய்விடும். ஆரஞ்சு மூடிதான் வேண்டும், 0.3 மில்லி, அரை யூனிட் கோடு போட்டது. கார்த்தி, மகாமகக் குளத்துப் பக்கம் மருந்துக்கடை எது திறந்திருக்கிறதோ அங்கே போ. கொடுப்பதை வாங்காதே, மூடியைப் பார்த்து வாங்கு.

சித்தப்பா: இத்தனை வருடமாகக் குத்திக்கொள்கிறேன், மூடி நிறத்துக்கு அர்த்தம் இருக்கிறது என்று இன்றைக்குத்தான் தெரியும்.

கார்த்தி: முதல் கடையில் சிவப்பு மட்டும். இரண்டாவது கடையிலும் சிவப்பு. மூன்றாவதில் ஆரஞ்சு இருந்தது 💪

கார்த்தி: போடும்போது தண்டவாளத்தில் எக்ஸ்பிரஸ் ஹாரன் அடித்தது, பட்டாணி துள்ளிவிட்டான். ரோமம் ஈரமாக இருக்கிறது, மருந்து வாடை வருகிறது. எவ்வளவு உள்ளே போயிற்று என்று தெரியவில்லை. இன்னொன்று போடவா?

கீதா: வேண்டாம்! தொடாதே.

செல்வி அக்கா: கீதா சொல்வது சரி. சந்தேகம் என்றால் விட்டுவிடணும். கொஞ்சம் உள்ளே போயிருந்து அதன்மேல் முழு அளவையும் போட்டால் எவ்வளவு சேர்ந்தது என்று யாருக்கும் தெரியாது. காலையில் பார்ப்போம். தேனோ குளுக்கோஸ் பவுடரோ கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். ராத்திரி தள்ளாடினாலோ, நடுங்கினாலோ, கூப்பிட்டால் திரும்பாமல் வெறித்துப் பார்த்தாலோ விரலில் தொட்டு ஈறில் தடவுங்கள். வலிப்பில் இருக்கும்போது வாய்க்குள் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலில் போய்விடும். தெளிந்ததும் தீனி வைத்துவிட்டு, எந்த நேரமானாலும் டாக்டருக்குப் போன்.

அம்மா: தேன் இருக்கிறது. என் தலைமாட்டில் வைத்துக்கொண்டேன்.

வெள்ளி

பெரியப்பா: (படம்: முருகன், வெள்ளிக்கிழமை வணக்கம்)

அம்மா: 127!!

கீதா: அரைகுறையாக ஏறிய ஊசிக்கா?

அம்மா: இரண்டு தடவை பார்த்தேன். 127, 124.

செல்வி அக்கா: அப்படியென்றால் நேற்றிலிருந்து பெரும்பாலும் அவன் சொந்தக் கணையத்தில்தான் ஓடியிருக்கிறான். சித்தி, டாக்டரிடம் நேற்று நடந்ததை அப்படியே சொல்லுங்கள், ரோமம் நனைந்ததையும் சேர்த்து.

அம்மா: சொன்னேன். ஊசியை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டார். தினம் இரண்டு வேளை பார்க்கணும். தொடர்ந்து இரண்டு தடவை 200-க்கு மேல் வந்தால் உடனே அவருக்குச் சொல்லணும். தண்ணீர் குடிக்கிற அளவையும் எடையையும் குறித்து வைக்கணும்.

சித்தப்பா: எனக்கும் அந்த டாக்டர் நம்பரைக் கொடுங்கள் அண்ணி 😄

கீதா: சித்தப்பா, நீங்கள் முதலில் அந்த மைசூர்பாகை நிறுத்துங்கள்.

சித்தப்பா: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

ஞாயிறு

அம்மா: நேற்றுக் காலை 118, சாயங்காலம் 131. இன்று காலை 109. மொட்டை மாடிக்கு ஏறிப் போய்க் காக்கையைத் துரத்துகிறான்.

ஜெயா அத்தை: குணமாகிவிட்டது! அடுத்த வாரம் வருகிறேன், எல்லோருக்கும் பாயசம். பட்டாணிக்கும் ஒரு கரண்டி.

செல்வி அக்கா: நமக்குப் பாயசம் சரி அத்தை, அவனுக்கு ஒரு சொட்டு கிடையாது. ஊசியே இல்லாமல் நான்கு வாரம் சர்க்கரை சாதாரணமாக நின்றால்தான் தணிந்தது என்று சொல்வோம். அப்போதும் குணம் என்ற சொல்லை டாக்டர்கள் பயன்படுத்துவதில்லை. சில பூனைகளுக்குத் திரும்பி வருகிறது. எடை ஏறினாலோ, பல்லில் சீழ் வைத்தாலோ, அரிப்புக்கு என்று யாராவது ஸ்டீராய்டு ஊசி போட்டாலோ மறுபடி ஆரம்பிக்கும். எந்த மருத்துவரிடம் காட்டினாலும் இவனுக்குச் சர்க்கரை இருந்தது என்று முதல் வார்த்தையாகச் சொல்லணும்.

ஜெயா அத்தை: சரி, எனக்கு ஒரு வாசல் பூனை இருக்கிறது, அதுவும் குண்டு, தண்ணீர் நிறையக் குடிக்கிறது. இந்த 150 கணக்கை அதற்கும் வைத்துக்கொள்ளலாமா?

செல்வி அக்கா: கூடாது அத்தை. இது பட்டாணிக்கு, அவனுடைய மருந்துக்கு, அவனுடைய மீட்டருக்கு டாக்டர் போட்ட கணக்கு. தண்ணீர் நிறையக் குடிப்பது சிறுநீரகக் கோளாறாகவும் இருக்கலாம். முதலில் ரத்தமும் மூத்திரமும் பார்த்துவிடுங்கள். கிட்டத்தில் யாரும் இல்லை என்றால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுவாருங்கள்.

ஜெயா அத்தை: மாயவரத்திலிருந்து ஒரத்தநாட்டுக்குப் பூனையோடு பஸ்ஸிலா! கார்த்தி, உனக்கு எப்போது லீவு?

கார்த்தி: செமஸ்டர் அத்தை 🙈

கீதா: நான் புதன்கிழமை வருகிறேன், காரில் போகலாம் அத்தை. அம்மா, மிச்ச இன்சுலினைத் தூக்கிப் போட்டுவிடாதே. ஃபிரிட்ஜில் நடுத்தட்டிலேயே இருக்கட்டும், உறைகிற பெட்டிக்குள் வேண்டாம். மறுபடி தேவைப்பட்டால் அதையே எடுக்கலாமா, புதிதா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம். போட்ட ஊசிகளைக் குப்பைத்தொட்டியில் போடாதே, அந்தப் பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து வை, மருத்துவமனையில் கொடுத்துவிடலாம்.

அம்மா: சரி. வரும்போது மீட்டர் பட்டை இரண்டு டப்பா வாங்கி வா. ஊசிதான் நின்றிருக்கிறது, காதைக் குத்துவது நிற்கவில்லை.

சித்தப்பா: எனக்கும் ஒரு டப்பா கீதா. பணம் அனுப்பிவிடுகிறேன்.